கொடி சுற்றும் திசை

ஜூன் 19, வியாழன்

செய்தி வந்த நேரம் காலை 10.52. நான் அதைப் பார்த்த நேரம் மதியம் 1.10.

நடுவில் நான் மூன்றாம் நம்பர் டிரையரில் பேரிங் மாற்றிக்கொண்டிருந்தேன். தேயிலை ஃபேக்டரியில் உற்பத்திப் பகுதிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். சாப்பாட்டு மணி அடித்ததும் கைகழுவிவிட்டு வந்து லாக்கரைத் திறந்தேன். திரை முழுக்க மிஸ்டு கால். பாதி தெரியாத எண்கள், பாதி மாமனார். எல்லாவற்றுக்கும் அடியில், எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தவை மூன்று. மூன்றும் என் மனைவி லிடியா. 9.38, 9.39, 9.44.

10.52க்கு மாமாவின் மெசேஜ்: "லிடியா பஸ் ஸ்டாப்புல விழுந்துட்டா. பெரியாஸ்பத்திரி. உடனே வாங்க மாப்ள."

நான் போனபோது முடிந்திருந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அவளுக்கு இருபத்தெட்டு வயது.

தேதி மேலே ஜூன் 19 என்று போட்டிருக்கிறேன். எழுதுவது ஜூன் கடைசியில். ஃபேக்டரியில் மெஷின் நின்றால் முதலில் நின்ற நேரத்தை எழுதுவோம். பக்கத்துக் கட்டத்தில் காரணம். அந்தப் பழக்கத்தில் ஆரம்பித்தேன், அவ்வளவுதான்.

ஜூலை 1

வேலைக்குப் போனேன். எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள். அது எரிச்சலாக இருக்கிறது.

போனை லாக்கரில் வைக்கவில்லை. சாக்ஸுக்குள் வைத்துக்கொண்டேன். தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் நவநீதன் அண்ணன் பார்த்துவிட்டார்.

"என்ன பிரிட்டோ, கணுக்கால் வீங்கியிருக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே."

"வீக்கத்துல லைட் எரியுதுடா."

அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு சார்ஜர், ஒரு பவர் பேங்க் வாங்கியிருக்கிறேன். மழைக்காலம், கரண்ட் போகும். அதற்காகத்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். விழுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தலைவலி வந்திருக்குமா என்று கேட்டேன். "வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம்" என்றார். வந்திருந்தால், உடனே யாராவது கூட்டிவந்திருந்தால்? "அதெல்லாம் இப்ப யோசிக்காதீங்க" என்றார். இது பதிலா?

வேலை நேரத்தில் அவள் என்னைக் கூப்பிடவே மாட்டாள். போன் லாக்கரில் இருக்கும் என்று தெரியும். தெரிந்தும் மூன்று தடவை.

ஜூலை 6, ஞாயிறு

ஹனிசக்கிள் கொடி மதில்மேல் சரிந்து கிடக்கிறது.

கான்வென்ட் சிஸ்டர் ஒருவரிடம் லிடியா கேட்டு வாங்கிவந்த குச்சி அது. இரண்டு வருஷத்தில் மதில் உயரம் வந்துவிட்டது. பூ முதல் நாள் வெள்ளை, அடுத்த நாள் மஞ்சள். காம்பைக் கிள்ளி உள்ளே இருக்கும் நரம்பை இழுத்தால் நுனியில் ஒரு சொட்டுத் தேன் வரும். வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பும்போது தினமும் ஒன்று இழுத்து நக்கிவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுவாள். கொடி மதிலைத் தாண்டி மேலே ஏற வேண்டும், கேட்டுக்கு மேல் வளைவாக வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மே மாதம் இரும்புக் குழாய் நட்டு, ஜிஐ கம்பி இழுத்து, புதுத் தளிரையெல்லாம் நானே கம்பியில் சுற்றிவிட்டேன். அப்போதும் நிற்கவில்லை. "உங்க கைக்குச் செடி பயப்படுது" என்றாள்.

இன்று மறுபடி எல்லாவற்றையும் எடுத்துச் சுற்றினேன். மரை முறுக்குவதுபோல ஒரே அளவு இடைவெளி. பார்க்க நன்றாக இருந்தது.

வீட்டுக்காரர் தேவகியம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். பத்து நிமிஷம் நின்று பார்த்தார்.

"தம்பி, சொல்றேன்னு தப்பா நெனக்காதீங்க. வாசனைக் கொடிக்குப் பாம்பு வரும்."

"குன்னூர் குளிர்ல பாம்பு எங்க ஆன்ட்டி?"

"போன வருஷம் கீழ் வீட்டுல வந்துச்சே!"

"அது ஓணான்."

"ஓணான் வந்த வழில பாம்பு வராதா? தீபாவளிக்கு முன்னாடி மதிலுக்குப் பெயின்ட் அடிக்கணும். அதுக்குள்ள கொடிய எடுத்துருங்க."

அவள் வைத்த செடி என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

ஜூலை 8

எல்லாம் அவிழ்ந்துவிட்டது.

ஜூலை 15

காலையில் அம்மா திண்டுக்கல்லிலிருந்து. வழக்கம்போல முதலில் சாப்பாடு.

"என்னப்பா சாப்ட்ட?"

"இட்லி."

"யாரு செஞ்சா?"

"கடையில."

"எத்தன நாளைக்குடா கடையில?" பதிலுக்கு நிற்காமல், "உங்க சித்தி ஒரு இடம் சொன்னா. நான் இப்பவே பேசல. வருஷம் திரும்பட்டும். ஆனா காதுல போட்டு வைக்கணும்ல?"

"அம்மா, வேலைக்கு நேரமாச்சு."

"நீ போன எடுக்கிறியே, அதுவே எனக்குப் போதும் ராசா. ஒத்த மணியில எடுத்துடுற."

ஒற்றை மணியில் எடுப்பது உண்மைதான். யார் கூப்பிட்டாலும். லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்குக்கூட.

ஜூலை 27, ஞாயிறு

மழை விட்டதும் கொடி பூத்திருந்தது. சரிந்து கிடந்தபடியே பூக்கிறது.

லிடியா கோயில் பாட்டுக்குழுவில் பாடுவாள். இந்தப் பூவைக் காயவைத்து வெந்நீரில் போட்டுக் குடித்தால் தொண்டைக்கு நல்லது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். "உங்க ஃபேக்டரியில அவ்ளோ பெரிய டிரையர் இருக்கு, என் பூவுக்கு இடமில்லையா?" என்று கேட்டிருந்தாள். நேற்று காலை, மலர்வதற்கு முன் வெள்ளை மொட்டாகப் பறித்து, ஒரு டிபன் டப்பா நிறைய எடுத்துப்போனேன். லேபில் சின்ன சாம்பிள் டிரையர் இருக்கிறது. தேயிலைக்கு வைக்கிற சூட்டையே வைத்தேன். ஈரம் மூன்று சதவீதத்துக்கு வரும்வரை. கணக்கில் எந்தத் தப்பும் இல்லை.

வெளியே எடுத்தால் பழுப்பாகச் சுருண்டு கிடந்தது. முகர்ந்தால் வைக்கோல்.

நவநீதன் அண்ணன் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். "ஏண்டா, பச்ச இலையையே ஒரு ராத்திரி பூரா காத்துல வாட்டித்தான அடுப்புக்கு அனுப்புறோம்? இதப் பறிச்ச கையோட சுட்டிருக்க."

"தெரியும்ணே."

"தெரிஞ்சா ஏன் செஞ்ச?"

எட்டு வருஷமாகத் தேயிலை வாட்டும் தொட்டிகளின் விசிறியைப் பார்த்துக்கொள்கிறவன் நான். அந்த மொத்த டப்பாவையும் குப்பையில் கொட்டினேன். பிறகு டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவளுடையது.

ஆகஸ்ட் 3

மறுபடி பூ பறித்து, பேப்பர் விரித்துப் படுக்கையறையில் நிழலில் காயவைத்தேன். இது பரவாயில்லை. ஒரு சின்ன பாட்டில்.

நான் குடித்துப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இந்தத் தடவை பிளாஸ்டிக் கேபிள் டை போட்டேன். சாணுக்கு ஒன்று. அவிழ முடியாது. அவிழவில்லை. டைக்கு மேலே இருக்கும் நுனி மட்டும் கம்பியை விட்டு விலகி, வெளியே காற்றில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டு இடத்தில் டை தண்டை அறுத்து இலை வாடிவிட்டது.

மாமா வந்தார். சவரிமுத்து மாமா முப்பது வருஷம் இந்த மலையில் பஸ் ஓட்டியவர். இப்போது என் வீட்டுக்கு ஏறிவரும் முப்பது படியில் இரண்டு தடவை உட்காருகிறார். கொடியைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, கைதிக்கு வெலங்கு போட்ட மாதிரி போட்டிருக்கீங்க?"

"நிக்க மாட்டேங்குது மாமா."

"அவ வெச்சா நிக்கும்."

கோபம் வந்தது. டீ போட உள்ளே போனேன். பின்னாலேயே வந்து சமையலறை வாசலில் நின்றார். நிலையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், சின்க்கைப் பார்த்துக் கேட்டார்.

"மாப்ள, அன்னிக்கு அவ உங்களுக்குக் கூப்ட்டிருக்கா. அவ போன்ல பாத்தேன். மூணு தடவ. எதுக்குக் கூப்ட்டா?"

"தெரியாது மாமா."

"தல வலிச்சிருக்குமோ?"

"தெரியாது."

"என்னைக் கூப்ட்டிருக்கலாம்ல. நான் வீட்லதான இருந்தேன். உங்களத்தான் கூப்ட்டிருக்கா."

அவர் குற்றம் சொல்லவில்லை. மகள் தன்னைக் கூப்பிடவில்லையே என்ற வருத்தம்தான் அது. எனக்குப் புரிந்தது. ஆனாலும் பால் பொங்கி அடுப்பில் வழிகிறவரை நான் திரும்பவில்லை.

போகும்போது சொன்னார், கண் ஆபரேஷனுக்குப் பெரிய மகன் பெங்களூருக்குக் கூப்பிடுகிறான், கல்லறைத் திருநாளுக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று.

ஆகஸ்ட் 11

9.38க்கும் 9.39க்கும் நடுவில் ஒரு நிமிஷம். 9.39க்கும் 9.44க்கும் நடுவில் ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்?

ஆகஸ்ட் 24

கொடியை வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று பன்னிரண்டு குச்சி வெட்டித் தொட்டியில் நட்டேன். எல்லாம் அழுகிவிட்டன. தண்ணீர் அதிகமாம். தினமும் எடுத்துப் பார்த்தேன், வேர் விட்டிருக்கிறதா என்று. அதுவும் தப்பாம்.

செப்டம்பர் 5

மேனேஜர் சாக்ஸில் போனைப் பார்த்துவிட்டார். எச்சரிக்கைக் கடிதம். கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன். நாளைக்கும் சாக்ஸில்தான் இருக்கும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கோபத்தில் கேபிள் டை எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். பெயின்ட் அடிக்கத்தான் போகிறார்கள், கிடக்கட்டும் என்று.

வெட்டுவதற்குக் கீழே உட்கார வேண்டியிருந்தது. அடியில், மதிலை ஒட்டி, லிடியா முதலில் ஏற்றிய பகுதி இருக்கிறது. பழைய துணிக்கயிறு ஒன்றைக் கட்டி அதில் ஏற்றியிருந்தாள். கயிறு இற்றுப்போய்விட்டது, ஆனால் தண்டு இன்னும் அதைச் சுற்றியபடி இறுகிப்போய் இருக்கிறது. இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். போல்ட்டின் மரையை எதிரே வைத்துப் பார்த்தால் கோடுகள் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் ஏறும். இந்தத் தண்டு வலப்பக்கமிருந்து இடப்பக்கம் ஏறியிருக்கிறது. எல்லாச் சுற்றும். கயிற்றில் ஏறினது, தானாகச் சாய்ந்து போய் இன்னொரு தண்டைப் பிடித்தது, குழாயில் படர்ந்தது, எல்லாமே ஒரே திசை. லெஃப்ட் த்ரெட்.

திண்டுக்கல் வீட்டில் டேபிள் ஃபேன் இறக்கை நட் அப்படித்தான். தெரியாதவன் இறுக்குவதாக நினைத்துக்கொண்டு கழற்றிக்கொண்டே இருப்பான். பத்து வயதிலேயே எனக்கு அது தெரியும்.

மே மாதத்திலிருந்து கழற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஒரே ஒரு தளிரை எடுத்து எதிர்ப்பக்கமாக, மூன்றே சுற்று சுற்றினேன். டை இல்லை, நூல் இல்லை. சும்மா விட்டேன்.

செப்டம்பர் 22

நிற்கிறது.

செப்டம்பர் 23

நான் விட்ட இடத்திலிருந்து இன்னொரு அரைச்சுற்று தானாகவே போட்டிருக்கிறது.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. போனை எடுத்து, மேலே முதல் பெயராக இருக்கும் எண்ணைத் தொடப்போனேன். அந்தப் போன் மாமாவின் பீரோவில் இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்று வேலைக்குப் போயிருந்தபோது பெயின்டர் வந்து மதிலைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் வந்து பார்த்தால் கொடியில் பாதி வெட்டித் தரையில் கிடந்தது. கம்பியில் ஏறிய பாதி தப்பித்திருந்தது, அதுவும் ஏணி எட்டாததால்.

மாடிப்படியில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. "சொல்லிட்டு வெட்டக் கூடாதா" என்பது நினைவிருக்கிறது. தேவகியம்மா கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருமுகிற சத்தம் மட்டும் கேட்டது. மதில் சுரண்டிய தூசி மாடிவரை போயிருந்தது.

இன்று காலையிலும் இருமல். கேட்கக் கேட்க எரிச்சலாக வந்தது. கடைசியில் ஆகஸ்டில் காயவைத்த பூவை வெந்நீரில் போட்டு, தேன் விட்டு, ஒரு ஃபிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு மேலே போனேன். மன்னிப்பு கேட்கப் போகவில்லை. ஃபிளாஸ்க்கைக் கொடுக்கப் போனேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னது இது, மல்லிப்பூ மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்றார்.

"நீங்க வெட்டச் சொன்ன கொடி."

"அடப்பாவி மனுஷா!" சிரிப்பு வந்து இருமலாகிவிட்டது. அடங்கியதும், "கொடிய எடுத்துக் கட்டுடான்னுதான் பெயின்டர்கிட்ட சொன்னேன் தம்பி, வெட்டச் சொல்லல. நேத்து நீங்க கத்தினதும் எனக்குக் கை கால் ஓடல" என்றார். பிறகு, "மிச்சத்த அப்படியே விட்ருங்க. அது இருக்கற பக்கம் பெயின்ட் வேண்டாம்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவரும் கீழே இறங்கி வந்து மதிலைப் பார்த்தார். நான் ஒரு தளிரைக் கம்பியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"இப்ப நிக்குதே!"

"இத்தன நாளாத் தப்பா சுத்தியிருக்கேன் ஆன்ட்டி. இது மத்த கொடி மாதிரி இல்ல. எதிர்ப்பக்கமாச் சுத்தணும்."

அவர் கிட்டே வந்து தளிரைப் பார்த்தார். ஃபிளாஸ்க் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"இதத்தான தம்பி அவ அன்னிக்குச் சொல்லிக்கிட்டிருந்தா."

"எது?"

"இதுதான். அன்னிக்குக் காலைல. கடைக்குக் கெளம்பி பையெல்லாம் மாட்டிக்கிட்டு இங்கதான் நின்னா. 'ஆன்ட்டி, இங்க வந்து பாருங்களேன், எங்க இன்ஜினியர் சார் சுத்தினது மொத்தமும் தலைகீழு'ன்னு என்னைக் கூப்ட்டா. அப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கா போல. ஒரே சிரிப்பு. போன எடுத்து உங்களுக்குப் போட்டா. நீங்க எடுக்கல. மறுபடி போட்டா. 'லாக்கர்ல இருக்கும், தெரியும், ஆனாலும் இதச் சொல்லாம என்னால பஸ் ஏற முடியாது'ன்னா. அப்புறம் கைக்கு எட்டினத மட்டும் அவுத்து நேரா சுத்துனா. சுத்திட்டு, பூவ ஒண்ணு கிள்ளி வாயில வெச்சுக்கிட்டே இன்னொரு தடவ போட்டுப் பாத்தா. 'சாயங்காலம் வரட்டும், வெச்சுக்கறேன்'னுட்டு பஸ்ஸுக்கு ஓடினா."

கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"தலைவலின்னு சொன்னாளா?"

"இல்லையே."

"நெத்தியப் பிடிச்சாளா? கண்ணு மங்கலா இருக்குன்னு, எதாச்சும்?"

"இல்ல தம்பி. சிரிச்சா. அவ்ளோதான்."

"ஏன் ஆன்ட்டி இத்தன நாளா சொல்லல?"

அவர் என்னை ஏதோ புரியாததைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இது ஒரு விஷயமான்னு நெனச்சேன். சிரிச்சுக்கிட்டிருந்தான்னு சாவு வீட்ல எப்படிச் சொல்றது? அப்புறம் நீங்க யாருகிட்டயும் பேசவே இல்ல. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

நான் யாரையும் கேட்கவில்லை. டாக்டரைக் கேட்டேன். மாடியில் இருக்கிறவரைக் கேட்கவில்லை.

அந்த ஐந்து நிமிஷம், அவிழ்த்து நேராகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். ஜூலையில் நான் வந்து, சரிந்துவிட்டது என்று, அவள் சுற்றியதையும் சேர்த்து அவிழ்த்து மறுபடி தப்பாகச் சுற்றியிருக்கிறேன்.

மெஷின் நின்ற காரணம் இன்னும் எனக்குத் தெரியாது. அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். மூன்று மிஸ்டு காலுக்குக் காரணம்: கொடியைத் தப்பாகச் சுற்றியிருந்தேன்.

அக்டோபர் 13

மாமாவுக்குச் சொல்ல வேண்டும். போனில் வேண்டாம். நேரில்.

அக்டோபர் 20

தீபாவளி. மதிலில் முக்கால் பாகம் புது மஞ்சள், கால் பாகம் பழைய பாசி. தேவகியம்மா முறுக்கு கொடுத்துவிட்டு, "பாக்கறவங்க என்னைத்தான் கஞ்சம்னு சொல்வாங்க" என்றார்.

பாம்பு இதுவரை வரவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள்.

கொடியில் பூ இல்லை. பருவம் முடிந்துவிட்டது. தேடிப் பார்த்ததில் ஒரே ஒரு கொத்து, அதிலும் ஒன்று மஞ்சளாகிவிட்டது. அதையும், பெயின்டர் வெட்டிப்போட்டதில் நான் மண்ணில் புதைத்து வைத்து வேர்விட்ட ஒரு நீளக் கொடியையும் தொட்டியோடு எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை தினமும் தோண்டிப் பார்க்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. எல்லாக் கல்லறையிலும் மெழுகுவத்தி, செவ்வந்தி. லிடியாவுக்கு இன்னும் கல் வைக்கவில்லை. மண்மேடு, இரும்புச் சிலுவை. மாமா கறுப்புக் கண்ணாடியோடு எனக்கு முன்னாலேயே வந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

சிலுவைக்கு அடியில் குழி தோண்டிக் கொடியை வைத்தேன். மண் தள்ளி முடிப்பதற்குள் மாமா நுனியை எடுத்துச் சிலுவையில் சுற்ற ஆரம்பித்துவிட்டார். ஸ்டியரிங் பிடித்த கை, வலப்பக்கமாக.

"அந்தப் பக்கம் இல்ல மாமா. எதிர்ப்பக்கம்."

"எந்தப் பக்கம் சுத்தினா என்ன மாப்ள?"

"இது அந்தப் பக்கம்தான் நிக்கும்."

"யாரு சொன்னா?"

"உங்க பொண்ணு. அன்னிக்கு அதச் சொல்லத்தான் கூப்ட்டிருக்கா."

முழங்கால் மண்ணோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தலைகீழ், இன்ஜினியர் சார், பூவை வாயில் வைத்துக்கொண்டு போட்ட மூன்றாவது கால், சாயங்காலம் வெச்சுக்கறேன். மாமா கண்ணாடியைக் கழற்றினார். ஆபரேஷன் செய்த கண்ணைத் துடைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். துடைக்காமல் நின்றார்.

"அப்ப வலியில கூப்டல."

"இல்ல மாமா."

"உங்களத் திட்டத்தான் கூப்ட்டிருக்கா."

"ஆமா."

"அதுக்கு என்னை எதுக்குக் கூப்டப் போறா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வந்தது சிரிப்பு இல்லை. ஜூனில் வந்திருக்க வேண்டியது. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா என் முதுகில் கைவைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

பிறகு இருவருமாகக் கொடியை அவிழ்த்தோம். அவர் சிலுவையைப் பிடித்துக்கொள்ள, நான் எதிர்ப்பக்கமாகச் சுற்றினேன். இரண்டாவது சுற்றில் போன் அடித்தது. அம்மாவாக இருக்கும். கை முழுக்க மண். நுனியை விட்டால் நழுவிவிடும்.

"போன் அடிக்குதே மாப்ள, எடுக்கலயா?"

"அடிக்கட்டும் மாமா."

அது அடித்து ஓய்ந்தது. மூன்றாவது சுற்றையும் முடித்து, நுனியை விட்டுப் பார்த்தேன். நின்றது. மண் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை ஸ்விட்ச் ஆஃப் செய்தேன்.

இதை எழுதும்போது அது மேஜைமேல் இருக்கிறது. இன்னும் ஆன் செய்யவில்லை.